வயிற்றில் ஏற்றிய மாவிளக்கு

அது முதலில் கையில் தட்டுப்பட்டது ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். வெள்ளி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் தெருவுக்கு அன்றுதான் குழாயில் தண்ணீர் வந்தது. வரவேண்டிய நாள் கடந்து, எல்லோரும் சலித்துப்போன பிறகு வந்தது. குடங்களையெல்லாம் நிரப்பி உள்ளே கொண்டுபோய் வரிசையாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். சோப்புப் போட்ட கைக்குத் தொப்புளுக்குச் சற்று மேலே ஏதோ தடுத்தது. நெல்லிக்காய் அளவு. விரலால் அமுக்கினேன், உள்ளே போய்விட்டது. கையை எடுத்தேன், மெல்லத் திரும்ப வந்தது. வலி கொஞ்சமும் இல்லை.

எதையும் மாதத்தோடும் கிழமையோடும் சேர்த்து ஞாபகம் வைப்பது என் பழக்கம். கோவில்பட்டியில் எந்த வருடம் ஐப்பசி பொய்த்தது, எந்த வருடம் கரிசலில் வண்டி புதையும் அளவுக்குப் பெய்தது என்று யாராவது கேட்டால் சொல்லுவேன். நூற்பாலை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தே காலம் கழித்தவளுக்கு, ஜன்னல் வழியே தெரிகிற வானத்தைக் கவனிப்பதைவிட வேறு பொழுதுபோக்கு வாய்க்கவில்லை. அதற்கடுத்தது நூலகத்துப் புத்தகங்கள். அந்தப் பழக்கத்தில் இந்தக் கட்டியையும் நான் கவனிக்கத் தொடங்கினேன். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. என் வயிற்றில் ஒரு கட்டியை ஒளித்துவைப்பது சுலபம். இரண்டு பிள்ளைகளையும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவில்லை, வருடத்துக்கு வருடம் கூடியது. சேலைக் கொசுவத்துக்கு மேல் ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு. அவற்றுக்கு நடுவில் நெல்லிக்காய் ஒன்று இருப்பது என் கணவர் கண்ணுக்குக்கூடத் தெரியவில்லை.

கார்த்திகையில் அது எலுமிச்சம்பழம் ஆனது. மார்கழிப் பனியில் எனக்கு இருமல் பிடித்தது. ஒவ்வொரு இருமலுக்கும் அது சேலைக்குள்ளிருந்து விரலால் தள்ளுவதுபோல் முட்டியது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கைக்குட்டையை நாலாக மடித்து அதன்மேல் வைத்து, பாவாடை நாடாவை மேலே ஏற்றி இறுக்கிக் கட்டினேன். பிரசவமான பெண்ணுக்குப் பழைய சேலையைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். கட்டினால் வயிறு நிற்கும் என்பது பேச்சு. எனக்கு இரண்டு முறையும் அப்படிக் கட்டியவர் என் மதினி, அதாவது என் கணவரின் அக்கா. ஊருக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவிலிருக்கிற அவர்களுடைய பூர்வீகக் கிராமத்தில் இருக்கிறார். என்னைவிடக் கனத்த உடம்பு. அவர் பிடித்துக் கட்டினால் மூச்சு விடுவதற்கு அனுமதி கேட்க வேண்டும்.

தை பிறந்ததும் ஒரு நாள் கணவர் கேட்டார், இருமும்போது ஏன் வயிற்றைக் கையால் பிடித்துக்கொள்கிறாய் என்று. அப்போது சொன்னேன். அவருக்குச் சந்தையருகே இரும்புச் சாமான் கடை. கடையைப் பாதி நாள் மூடிவிட்டு என்னை அறுவை மருத்துவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

மருத்துவர் என்னைப் படுக்க வைத்தார். படுத்ததும் கட்டி 'களுக்' என்று சின்ன ஓசையோடு தானாக உள்ளே போனது. அதன்பின் கைகளை ஊன்றாமல் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். தூக்கியபோது என் வயிற்றை நானே பார்த்தேன். நெஞ்சுக் குழியிலிருந்து தொப்புள் வரை, நட்ட நடுவில், கவிழ்த்துப் போட்ட ஓடத்தின் முதுகுபோல ஒரு மேடு எழுந்து நின்றது. தலையைக் கீழே வைத்ததும் காணாமல் போயிற்று. இத்தனை வருடம் சுமந்த வயிற்றில் இப்படி ஒன்று இருப்பதை நான் அறிந்ததில்லை.

அவர் பொறுமையாகச் சொன்னார். வயிற்றின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாகப் பட்டைபோல இரண்டு தசைகள் இறங்குகின்றன. நடுவில் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு வெள்ளை நார்ப்பட்டை. பிள்ளை வளரும்போது அந்த நார் அகலும், தசைகள் விலகும். பிறகு பலருக்கு ஓரளவு கூடிவிடும். உடம்பு கனத்துவிட்டால் கூடுவதற்கு வழியில்லை. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேர்கிற கொழுப்பு இடம் போதாமல் உள்ளேயிருந்து ஓயாமல் தள்ளுகிறது. நார் மெலிகிறது. மெலிந்த இடத்தில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டை வழியாகத்தான் என் குடல் எட்டிப் பார்க்கிறது.

என் கணவர் தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டு, எனக்கும்தான் தொந்தி இருக்கு டாக்டர், எனக்கு ஒண்ணும் வரலியே என்றார்.

"அண்ணாச்சி, நீங்க பிள்ள பெறலியே" என்றார் மருத்துவர்.

அறுவைக்கு எப்போது வர வேண்டும் என்று கேட்டேன். இப்போது இல்லை என்றார். இந்த எடையில் தைத்தால் உள்ளே இருக்கிற அழுத்தத்துக்கு நூல் நாரை அறுத்துக்கொண்டு வந்துவிடும். வலை வைத்துத் தைக்கலாம். ஆனால் தடித்த கொழுப்பில் காயம் ஆறத் தாமதமாகும், சீழ் பிடித்தால் வலையையே எடுக்க வேண்டி வரும். பத்துக் கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்றார். அதுவரை கனம் தூக்கக் கூடாது. இருமலை முற்ற விடக் கூடாது. நாடாவை இறுக்கிக் கட்டக் கூடாது. அதற்குப் பதிலாக அகலமான எலாஸ்டிக் பெல்ட் ஒன்றை எழுதிக் கொடுத்தார். எழுந்து வரும்போது நிறுத்தி, மறுபடி உட்காரச் சொன்னார்.

"அது உள்ள போயிட்டு வந்துட்டு இருக்க வரைக்கும் பயமில்ல. ஒரு நாளைக்குப் போகாம நின்னுரும். கல்லு மாதிரி ஆயிரும். வலி, வாந்தி வரும். அன்னைக்கு ஒரு வாய் தண்ணிகூட குடிக்காம நேரா இங்க வந்துரணும். யாரையும் தடவ விடாதீங்க. குடல் மாட்டிக்கிட்டா ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத குடல் அழுகிரும்."

அன்றிலிருந்து என் நாட்கள் அந்த ஒரு கேள்வியில் தொங்கின. வேலை முடிந்து வந்து புடவைகூட மாற்றாமல் கட்டிலில் படுப்பேன். கணவர் கடையிலிருந்து போன் செய்து, போயிட்டா என்பார். காத்திருப்பேன். சில நாள் படுத்த உடனே போகும். சில நாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கிக் கிடக்க வேண்டும். அந்தச் சின்ன ஓசை வயிற்றுக்குள் கேட்ட பிறகுதான் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பேன். புத்தகங்களில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்தது பயத்தைக் கூட்டியது. ஓட்டை பெரிதாக இருந்தால் குடல் வந்து போகும், சிறிதாக இருந்தால்தான் கழுத்தை நெரிக்கும் என்று ஒன்றில் போட்டிருந்தது. என் ஓட்டை பெரிதா சிறிதா என்று கேட்க மறந்து வந்திருந்தேன்.

விடியும் முன்பு ரயில் நிலையத்துச் சாலையில் நடந்தேன். சோற்றைப் பாதியாக்கினேன். கடலைமிட்டாய்க்குப் பேர் போன ஊரில் கடலைமிட்டாயைத் தொடாமல் இருந்தேன். மாசிக்குள் நாலைந்து கிலோ இறங்கிற்று. எங்கள் ஊரில் ஒரு பெண் பெருத்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. இளைத்தால் எல்லோரும் கேட்பார்கள். சர்க்கரையா என்றார்கள். மகள் கல்யாணம் தட்டிப் போய்விட்டதா என்றார்கள். ஆலையில் ஒருத்தி என் கணவருக்கு வேறு யாரோடாவது சகவாசமா என்று பக்குவமாக விசாரித்தாள்.

மாசிக் கடைசியில் மதினி வந்தார். கூடத்தில் உட்கார்ந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஏட்டி, என் தம்பி சம்பாதிக்கது சோத்துக்குக் காணலியா? கழுத்தெலும்பு தெரியுது."

கழுத்தெலும்பு தெரிவது நல்லது என்று டாக்டர் சொல்லுகிறார் என்றேன்.

"அவருக்கென்ன, ஊரான் பொண்டாட்டிக்குத்தான சொல்லுதாரு."

பிறகு உள்ளறைக்கு வந்து கட்டியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். சிரிப்பு நின்றது. விரல் நுனியால் தொட்டு உடனே எடுத்துக்கொண்டார். தம்பி சொன்ன அன்றே தான் ஊர் அம்மனுக்கு நேர்ந்துவிட்டதாகவும், பங்குனியில் வருகிற கோயில் திருவிழாவான கொடையில் என் வயிற்றில் மாவிளக்கு ஏற்ற வேண்டும் என்றும் சொன்னார். வயிற்று நோவுக்கு அங்கே அதுதான் வழக்கம். நேர்ந்துகொண்டவள் ஈரச் சேலையோடு கோயில் முன்னால் மல்லாக்கப் படுப்பாள். வயிற்றில் வாழையிலை போட்டு, அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த விளக்கில் நெய் ஊற்றித் திரி ஏற்றி வைப்பார்கள். திரி தானாக அணைந்து மலையேறும் வரை அவள் அசையக் கூடாது. இடையில் எழுந்தால் குடும்பத்துக்கு ஆகாது.

என்னைக் கேட்காமல் நேர்ந்ததில் எனக்குக் கோபம்தான். ஆனால் நேர்ந்தது நேர்ந்ததுதான், அதை வாதாடித் தள்ள முடியாது. அடுத்த முறை எடை பார்க்கப் போனபோது மருத்துவரிடம் இதையும் கேட்டேன். அவரும் இந்தப் பக்கத்துக்காரர். படுக்கிற வேலைதானே, தாராளமாகப் படுங்கள், கனம் மட்டும் தூக்காதீர்கள் என்றார்.

அந்தச் சொல்லை நான் எழுத்து மாறாமல் காப்பாற்றினேன். தண்ணீர்க் குடத்தைத் தொடவில்லை. கேஸ் சிலிண்டரை உருட்டுவதற்குக்கூடக் கணவர் கடையிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். ஆலையில் கோப்புக் கட்டுகளை வேறொருவர் எடுத்துத் தந்தார்.

கொடை செவ்வாய்க்கிழமை. முதல் நாளே கிராமத்துக்குப் போய்விட்டோம். விளக்கு மாவை மில்லில் திரிக்கக் கூடாது. உரலில் இடிக்க வேண்டும், அதுவும் படுக்கிறவள் கையால். ஊறவைத்த அரிசி புளிக்கும் என்பதால் கொடையன்று காலையில்தான் இடிப்பார்கள். குளித்து ஈரச் சேலை சுற்றினேன். எலாஸ்டிக் பெல்ட்டை மதினி வாங்கிக் கொடியில் போட்டார். ரப்பரைக் கட்டிக்கொண்டு சாமி மாவைத் தொடக் கூடாது என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கொல்லையில் உரலுக்கு முன்னால் நின்று உலக்கையை எடுத்தேன். மதினி பேச்சுக்கு நாலு குத்துப் போட்டால் போதும், மிச்சத்தைத் தான் இடிப்பதாகச் சொன்னார். நான்தான் விடவில்லை. இடித்து நாளாகிவிட்டது, கை பழையபடி பிடித்துக்கொண்டது, நடந்து நடந்து உடம்பு லேசாகியிருந்தது. மாவு நைந்து சலிக்கும் பதம் வரும்வரை இடித்தேன்.

உலக்கை ஒரு கனம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குடம் கனம், சிலிண்டர் கனம், அரிசி மூட்டை கனம். உலக்கை வீட்டுச் சாமான்.

கடைசிக் குத்துகளில் ஒன்றுக்கு உள்ளே ஏதோ நழுவியது. வலி என்று சொல்ல முடியாது. ரவிக்கையில் கொக்கி ஒன்று தானாகக் கழன்றால் எப்படி இருக்கும், அப்படி. ஈரச் சேலைக்கு மேலேயே கை வைத்துப் பார்த்தேன். கட்டி வெளியே இருந்தது, வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாக. படுத்தால் போய்விடும் என்று நினைத்தேன். இன்றைக்கு எப்படியும் படுக்கத்தானே போகிறேன்.

உச்சிவெயிலில் மதியக் கொடை தொடங்கிற்று. கோயில் முன்னால் பந்தலடியில் ஓலைப்பாய் விரித்து, விளக்கேற்ற வந்த பெண்கள் எல்லோரையும் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். நான் ஓரத்தில் இருந்தேன். தலைமாட்டில் மதினி உட்கார்ந்தார். ஆண்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம். என் கணவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பூசாரி இலையை வயிற்றில் போட்டு, அதன்மேல் மாவிளக்கை வைத்துத் திரியைக் கொளுத்திவிட்டு அடுத்தவளிடம் போனார். மேளம் உச்சத்தில் அடித்தது.

விளக்கு சாய்ந்தது.

மதினி குனிந்து நிமிர்த்தி வைத்தார். மறுபடியும் என் இடது பக்கம் சாய்ந்தது. நெய் ஒரு கோடாக வழிந்து இலை நுனிக்கு ஓடிற்று. மற்றவர்களின் விளக்குகள் நேராக நிற்பதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படுத்து நேரமாகிவிட்டது, கட்டி இன்னும் உள்ளே போகவில்லை. விளக்கு அதன் மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஓசை வருகிறதா என்று கவனித்தேன். மேளத்தில் எதுவும் கேட்கவில்லை. கையை மெதுவாக இலைக்கு அடியில் நுழைத்துத் தொட்டேன். கல். தொட்ட இடம் சுரீரென்றது. வலி தொப்புளைச் சுற்றி முறுக்கிக்கொண்டு எழுந்து, சற்று விட்டு, மறுபடி எழுந்தது.

திரியைப் பார்த்தேன். நெய் விளிம்பு வரை நின்றது. அது மலையேற வெகு நேரமாகும். எழுந்தால் ஆகாது என்பதை நான் நம்புகிறேனா என்று யாராவது கேட்டிருந்தால் வீட்டில் உட்கார்ந்து இல்லை என்று சொல்லியிருப்பேன். அங்கே, சுடுகிற மண்ணில் பாய்மேல் கிடந்தபோது, சொல்லத் தெரியவில்லை. என் பிள்ளைகள் இருவர் முகமும் வந்தன. டாக்டர் சொன்ன 'அழுகிரும்' என்ற சொல்லும் வந்தது. நல்ல குடல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று படித்திருந்தேன். இடித்து முடித்ததிலிருந்து எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று எண்ண முயன்றேன். கணக்கு நிற்கவில்லை.

"மதினி, உள்ள போகல."

அவர் கேட்டுக்கொண்டார். விளக்கைப் பிடித்திருந்த கை அசையவில்லை.

"போயிரும். அம்மன் முன்னாலதான கிடக்க. கொஞ்சம் பொறு."

"கல்லாயிட்டு, மதினி."

அவர் பதில் சொல்வதற்குள் எனக்குக் குமட்டியது. தலையை மட்டும் திருப்பி மண்ணில் வாந்தி எடுத்தேன். வயிறு குலுங்கியதில் விளக்கு சரிந்தது. மதினி இலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சுற்றி நின்ற பெண்கள் நெருங்கினார்கள். வெறும் வயிறு, பித்தம் என்றாள் ஒருத்தி. விளக்கு மாவில் ஒரு கிள்ளு வாயில் போட்டால் நின்றுவிடும் என்றாள் இன்னொருத்தி. இவர்களுக்குப் பின்னாலிருந்து வந்த ஒரு பெரியவள், இது குடலேத்தம், கீழ்நோக்கி நாலு தடவு தடவினால் இறங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டே விளக்கிலிருந்து நெய்யைத் தொட்டு உள்ளங்கையில் தேய்த்தாள். குடல் ஏறிக்கொண்டது என்று பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தடவிவிடுவது எங்கள் பக்கம் சாதாரணம். அவள் கை என் வயிற்றை நோக்கி இறங்கியது.

"தொடாதட்டி" என்றார் மதினி.

மேளச் சத்தத்தையும் தாண்டி அது கேட்டது. கை நின்றுவிட்டது. மதினி ஒரு கணம் கோயிலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். இலையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, திரி அணையாமல், நெய் சிந்தாமல், விளக்கை என் வயிற்றிலிருந்து தூக்கினார்.

"எந்திரி."

"விளக்கு..."

"அணையாது. எந்திரிட்டி."

இலையைப் பக்கத்தில் நின்றவள் கையில் கொடுத்தார். நான் ஒருக்களித்துப் புரண்டு எழுந்த இடத்தில், என் உடம்பு ஈரம் காயாத அதே பாயில், தானே மல்லாக்கப் படுத்தார். அவ்வளவு பெரிய உடம்பு அத்தனை வேகமாகத் தரைக்குப் போனதை நான் பார்த்ததில்லை. முந்தானையை விலக்கி வயிற்றைக் காட்டி, வை என்றார். அவள் வைத்தாள். பூசாரி வரிசையின் மறுகோடியிலிருந்து வந்து, இதென்ன வழக்கம், யாருக்கு நேர்ந்தது, யார் படுத்திருக்கிறது என்று சத்தம் போட்டார். மதினி படுத்தபடியே, விளக்கு ஆடாமல், பதில் சொன்னார்.

"நேந்தது நான். வயிறு எவ வயிறா இருந்தா என்ன? ஏலே தம்பி, நிக்காத. அவளக் கூட்டிட்டுப் போ."

தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், வேலை செய்கிற பெண்களைக் கொடைக்குக் கொண்டுவந்து விட்ட வேன் ஒன்று ஊர் எல்லையில் நின்றது. அதில் ஏறினோம். மெழுகும் மருந்தும் கலந்த வாடை. மிளகாய் எடுத்து முடிந்த கரிசல் இரண்டு பக்கமும் வாய் பிளந்து கிடந்தது. ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் என் வயிற்றில் விழுந்தது. ஓட்டுநர் சோடா பாட்டிலை நீட்டி, ஏப்பம் வந்தால் சரியாகும் என்றார். கணவர் அதை வாங்கி என் பக்கம் கொண்டுவந்தார். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே ஊர்வரை வந்தார். குடிக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

மருத்துவர் ஒரே ஒரு முறை தொட்டார். கையை எடுத்துவிட்டார். எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"காலைல உலக்க போட்டப்ப இருந்து."

"உலக்கையா? கனம் தூக்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்."

"தூக்கல டாக்டர். இடிச்சேன்."

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. செவிலியைத் திரும்பிப் பார்த்து, மயக்க மருந்து கொடுப்பவரை வரச் சொன்னார். அவர் குரல் தாழ்ந்துவிட்டது. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய் இருந்தது. அதன் வழியே பச்சை நீர் கட்டிலடியில் ஒரு பையில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நடந்ததை மறுநாள் புதனன்று மருத்துவர் சொன்னார். ஓட்டை சிறிதாகத்தான் இருந்தது. குடலின் ஒரு வளையம் அதற்குள் நெரிபட்டு நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. ஓட்டையின் விளிம்பை அறுத்துக் குடலை விடுவித்து, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துக் காத்திருந்தார்கள். வெட்டி எடுப்பதா வேண்டாமா என்று தயங்கிய நேரத்தில் நிறம் மெல்லத் திரும்பியது. வெட்டாமல் உள்ளே வைத்தார். வலை வைக்கவில்லை, அந்த நிலையில் வைத்தால் சீழ் பிடிக்கும். ஓட்டையை மட்டும் தைத்திருக்கிறார். நடுவில் விலகிய தசைகள் விலகியபடியே இருக்கின்றன. இன்னும் எடை குறைந்த பிறகுதான் அதற்கு ஒரு பெரிய அறுவை, அதற்குள் நூல் விட்டால் மறுபடியும் இதே கதை என்றார். என் கணவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"நிறம் வந்துருச்சு. உசுரு வந்துருச்சான்னு காத்து பிரிஞ்சாத்தான் தெரியும்" என்றார் மருத்துவர்.

காற்று பிரியாவிட்டால் அந்தத் துண்டு செத்துவிட்டது என்று அர்த்தமாகலாம். மறுபடி திறக்க வேண்டும். திறந்தால் வெட்ட வேண்டும். வெட்டி இணைத்த குடல் தாங்குமா என்பது இந்த உடம்பில் நிச்சயமில்லை. அவர் இதைக் கணவரிடம் வராந்தாவில் சொன்னார். கதவு சாத்தியிருக்கவில்லை.

ஆக, எல்லோரும் அதற்காகக் காத்திருந்தோம். செவிலிகள் வேலை மாறி வரும்போதெல்லாம் வாசலிலிருந்தே, காத்து பிரிஞ்சுதா என்று கேட்டார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்களும் கேட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து என் முன்னால் அந்தப் பேச்சையே எடுக்காத கணவர், வியாழக்கிழமை காலையில் காதருகே குனிந்து கேட்டார். இல்லை என்றேன். வியாழன் மாலைக்குள் வயிறு மேளம்போல் விறைத்தது. கட்டுத் துணிக்கு மேலே தோல் மினுமினுத்தது. தையலை நினைத்துக்கொண்டு மூச்சை மேலாக மட்டும் விட்டேன். அத்தனை வருடக் கொழுப்பும் உள்ளிருந்து தள்ளுகிறது, தைத்த நூல் ஒன்று எதிர்த்துப் பிடித்திருக்கிறது. இரண்டில் எது முதலில் விடும் என்று அறிய எனக்கு எந்தப் புத்தகமும் வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதினி வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரி நின்று எரிந்து தானாக மலையேறியது என்றும், எழுந்தபோது தனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு நாலு பேர் தூக்கிவிட்டார்கள் என்றும் சொன்னார். அதற்குமேல் கோயிலைப் பற்றிப் பேசவில்லை. என் கால்மாட்டில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். மருத்துவர் வந்து வயிற்றில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. நாளைக் காலை வரை பார்ப்போம், இல்லையென்றால் திறந்துவிடலாம் என்றார். மதினி எழுந்து நின்றார்.

"திறந்தா பிழைச்சுக்கிடுவாளா, ஐயா?"

"பிழைக்கத்தான் திறக்கோம்மா" என்றார் அவர். நேரான பதில் இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை விடிந்தது. அறுவை அறைக்குக் கொண்டுபோகச் செவிலி பச்சை அங்கியை எடுத்து வந்து கட்டிலில் வைத்தாள். கையெழுத்து வாங்கக் கணவரை வெளியே கூப்பிட்டார்கள். மதினி என் பின்னலை அவிழ்த்து இரண்டாகப் பின்னிக்கொண்டிருந்தார். அறுவைக்குப் போகிறவளுக்கு அப்படித்தான் பின்ன வேண்டும் என்று என் முதல் பிரசவத்தின்போது பார்த்து வைத்திருந்தாராம். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். படுத்தேன். வயிற்றின் ஆழத்தில் ஏதோ உருண்டது. வலமிருந்து இடம் போய், நின்று, கீழே இறங்கியது. நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். பின்னலைப் பிடித்திருந்த கையும் நின்றது.

அது வந்தது. அறை முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். தொடர்ந்து இன்னொன்று. எனக்கு வெட்கப்படத் தோன்றவில்லை; கண்ணை மூடிக்கொண்டேன்.

மதினி பின்னலை விட்டுவிட்டு வாசலுக்குப் போனார். வராந்தாவில் நோயாளிகளின் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற நேரம். மறுகோடியில் மேசையருகே பேனாவோடு குனிந்திருந்த தம்பியைப் பார்த்துக் குரலைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"ஏலே, கையெழுத்துப் போடாத. பிரிஞ்சிட்டு."